நெய்வேலி முதல் அனல் மின் நிலையம்: தோற்றமும் பணியும் ஓய்வும்

தறிக்கூடத்தில் விளக்கைப் போடும் நெசவாளரும், கிணற்றடியில் மோட்டாரை ஓட்டும் பயிர்த்தொழிலாளரும் மின்சாரத்தின் பயனை நன்கு அறிவர். அம்மின்சாரம் எங்கே பிறந்தது, அதன்பொருட்டு எவரெவர் எதனை இழந்தனர், அதனை உண்டாக்கிய எந்திரங்களின் முடிவு யாதாயிற்று என்பனவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்கு 58 ஆண்டுகள் மின்சாரம் அளித்த நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் முற்றிலும் ஓய்வு பெற்றது. ஒரு சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்வோர் அதன் வரவு, செலவு, தேய்மானம், நிலுவை ஆகியவற்றை முறையே நோக்குவர். அதே முறையில் இந்நிலையத்தின் வரலாற்றை நோக்கினால் நம் சங்கங்களுக்கும் பயன்படத்தக்க உண்மையொன்று விளங்கும்.

மழையை நம்பிய மின்சாரம்

இந்நிலையம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அக்காலத்து நிலைமையை நினைவிற் கொள்ள வேண்டும். சென்னை மாநிலத்தில் அன்று மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சிகளையும் அணைகளையும் நம்பியிருந்தது. பைக்காராவில் 1932இலும், மேட்டூரில் 1937இலும், பாபநாசத்தில் 1944இலும் நீர் மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நீரிலிருந்து பெறும் மின்சாரம் மலிவானது, புகையற்றது. ஆயினும் பருவமழை பொய்த்தால் அணை வற்றும். அணை வற்றினால் மின்சாரம் குறையும். உழவனுக்குக் கிணற்று நீர் மிகுதியாகத் தேவைப்படும் அதே கோடையில் நீர் மின்சாரமும் குறைந்து நிற்கும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு.

இக்குறையை நீக்கும் வழி அனல் மின்சாரம். ஆனால் அதற்கு வேண்டிய கல்நிலக்கரி சென்னை மாநிலத்தில் கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நெடுந்தூரம் இரயிலிலோ கப்பலிலோ அதனைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கரியின் விலையோடு வண்டிக் கூலியும் சேர்ந்தபோது மின்சாரம் எளியோர்க்கு எட்டாத விலையை எய்தும். ஆதலின், இம்மாநில மண்ணிலேயே ஏதேனும் எரிபொருள் கிடைக்குமா என்பது பொறியாளர்களும் ஆட்சியாளர்களும் ஒருங்கே எண்ணிய வினாவாயிற்று.

கிணற்றில் வெளிப்பட்ட கரி

விடை தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு கிணற்றிலிருந்து வந்தது. 1930களின் இடைப்பகுதியில் நெய்வேலிப் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீருடன் கருமையான பொருளொன்று கலந்து வெளிப்பட்டது. அதனை அவர் அரசினர் கவனத்துக்குக் கொண்டுசென்றார். தம் நிலத்தைத் திட்டத்துக்கு உவந்து அளித்தவர் என்றும் அவரை அப்பகுதியினர் இன்றளவும் நினைவுகூர்கின்றனர்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் 1940களில் அங்குத் துளைகள் இட்டு ஆராய்ந்தனர். கருமையான அப்பொருள் பழுப்பு நிலக்கரி என்பதும், அது பெரும்பரப்பில் பரவிக் கிடக்கிறது என்பதும் தெளிவாயின. 1953இல் சென்னை அரசு சோதனைச் சுரங்கம் ஒன்றைத் தோண்டியது. பின்னர்ப் பெருஞ்செலவைத் தாங்கும் ஆற்றல் கருதி மத்திய அரசு திட்டத்தை மேற்கொண்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைக்கப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சென்னை மாநில முதலமைச்சராக அப்போது இருந்தவர் திரு. காமராஜ் ஆவார்.

மண்ணும் நீரும் மறித்த வழி

கரி கண்டது எளிது. அதனை எடுப்பது எளிதாக இல்லை. பழுப்பு நிலக்கரிப் படலத்தின் மீது ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்பாறையும் மூடிக் கிடந்தன. ஒரு டன் கரியை எடுக்க ஏறத்தாழ 5 கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை முதலில் அகற்ற வேண்டும். கடப்பாரையும் கூடையும் இவ்வேலைக்கு உதவா. பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகளைக் கோத்த ஜெர்மானிய எந்திரங்கள் வரவழைக்கப்பெற்றன. சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணை வெட்டி அள்ளும். அள்ளிய மண் நீண்ட ஓடுபட்டைகளின் மீது ஊர்ந்து தொலைவிலுள்ள மேட்டுக்குச் செல்லும்.

மண்ணினும் பெரிய தடை நீர். கரிப் படலத்தின் அடியில், மேலெழத் துடிக்கும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கியிருந்தது. கடலூர், விருத்தாசலம் வட்டாரங்களில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் ஏற்றமோ மோட்டாரோ இன்றி நீர் தானே பொங்கிய ஊற்றுக்கிணறுகளுக்கு இவ்வழுத்தமே காரணம். மேலுள்ள மண்ணின் கனம் நீங்கினால் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழுந்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்து, அல்லும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே கரியை எடுக்க முடிந்தது. சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் இறைப்பும் நடந்தேயாக வேண்டும். இதனைப் பயிரிடுவோராகிய நம் அங்கத்தினர் கருத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இவ்விடையூறுகளைக் கடந்து 1961ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கரிப் படலம் கண்ணுக்குப் புலனாயிற்று.

சுரங்கத்தின் அருகே நிலையம் அமைந்த காரணம்

பழுப்பு நிலக்கரி இளங்கரி. கல்நிலக்கரியைப் போல் முற்றாதது. அதன் எடையிற் பாதியளவு ஈரம். எனவே அதனை வண்டியில் ஏற்றி அனுப்புவது, பாதி எடை தண்ணீருக்குக் கூலி கொடுப்பதற்கு ஒப்பாகும். மேலும், அதனை நெடுநாள் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். எடுத்த இடத்திலேயே எரித்துவிடுவதுதான் சிக்கனம். கரியை ஊருக்கு அனுப்புவதற்குப் பதிலாக மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பலாம் என்னும் எண்ணத்தில் சுரங்கத்தின் அருகிலேயே மின் நிலையம் நிறுவப்பெற்றது.

நிலையத்தின் எந்திரங்களும் அவற்றை நிறுவும் தொழில்நுட்ப உதவியும் சோவியத் நாட்டிலிருந்து கிடைத்தன. 1962ஆம் ஆண்டு மே திங்களில் 50 மெகாவாட் ஆற்றலுள்ள முதல் எந்திரத் தொகுதி இயங்கத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுக்குள் 50 மெகாவாட் தொகுதிகள் ஆறும், 100 மெகாவாட் தொகுதிகள் மூன்றும் நிறுவப்பெற்று, நிலையத்தின் மொத்த ஆற்றல் 600 மெகாவாட் ஆயிற்று.

கரி மின்சாரமாகும் விதம்

ஓடுபட்டையில் வந்து சேரும் கரியை முதலில் நொறுக்கி, பின் ஆலையில் இட்டு மாவாக அரைப்பர். அம்மாவைச் சூடான காற்றோடு கலந்து கொதிகலனின் அடுப்பில் ஊதினால், அது தூளாயிருத்தலின் கணத்தில் பற்றி எரியும். அடுப்பின் சுவரெங்கும் பதித்த குழாய்களில் ஓடும் நீர் ஆவியாகி, உயர்ந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் அடையும். அந்நீராவி சுழலியின் தகடுகளில் மோதி அதனை நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் சுழற்றும். சுழலியோடு இணைந்த மின்னாக்கி சுழன்று மின்சாரத்தைப் பிறப்பிக்கும். வேலை முடித்த நீராவி, குளிர்நீர் ஓடும் குழாய்களிற் பட்டு நீராகி மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும். பிறந்த மின்சாரத்தின் அழுத்தம் மின்மாற்றியில் உயர்த்தப்பெற்றுக் கம்பிகளின் வழியே நெடுந்தொலைவு செல்லும்.

இம்முறையில் கரியின் வெப்பம் முழுவதும் மின்சாரமாகிவிடுவதில்லை. முற்காலத்து எந்திரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பம் புகையோடும் குளிர்நீரோடும் போய்விடும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பழுப்பு நிலக்கரி வேண்டியிருந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 22 யூனிட் செலவாகும். அதற்கு 22 கிலோவுக்குக் குறையாத கரி எரிய வேண்டும். அக்கரியை எடுக்குமுன் ஏறத்தாழ 200 கிலோ மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். ஒரு கிணற்றின் ஒரு நாளை இறைப்புக்குப் பின்னால் இத்துணை வேலை நெய்வேலியில் நடந்தது.

பெற்ற பயன்

இனி வரவுப் பகுதியை நோக்குவோம். இந்நிலையம் பிறப்பித்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கென்றே அளிக்கப்பட்டது. 50 மெகாவாட் என்பது 50,000 கிலோவாட். வழியில் நேரும் இழப்பை நீக்காது கணக்கிட்டால், ஒரு சிறிய தொகுதி மட்டுமே ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் 13,000க்கு மேல் ஒரே வேளையில் ஓடப் போதுமானது. முழு நிலையத்தின் ஆற்றலுக்கு இது ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மோட்டார்களாகும்.

1957 ஜூலையில் அமைந்த மாநில மின்சார வாரியம் சிற்றூர்தோறும் கம்பியை இழுத்துச் சென்ற காலமும் நெய்வேலி எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. கமலையும் ஏற்றமும் இருந்த கிணறுகளில் மின் மோட்டார் வந்தது. விசைத்தறியும், நூற்பாலையும், நெல் அரைவை ஆலையும் மழையை மட்டும் நம்பாத மின்சாரத்தைப் பெற்றன. 1990 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2023இல் கைத்தறி நெசவாளர்க்கு இரு திங்களுக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி அளிக்க ஆணையிடப்பட்டது. கட்டணம் வசூலிக்கப்படாவிடினும் மின்சாரத்துக்கு விலை உண்டு. அதனை யாரோ கொடுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

கரியைக் கொண்டு வேறு பொருள்களும் செய்யப்பட்டன. 1960களின் நடுவில் நெய்வேலியில் யூரியா உரத் தொழிற்சாலையும், வீட்டு அடுப்புக்கு உதவும் லெக்கோ கரி செய்யும் தொழிற்சாலையும் எழுந்தன. ஒரே சுரங்கத்திலிருந்து வயலுக்கு உரமும், கிணற்றுக்கு விசையும், அடுப்புக்கு எரிபொருளும் பெறுவதே திட்டத்தை வகுத்தோரின் நோக்கம். இவ்விரு தொழிற்சாலைகளும் பிற்காலத்தில் மூடப்பட்டன. மின் நிலையம் அவற்றுக்குப் பின்னும் நெடுநாள் நின்றது.

கொடுத்தவர் யாவர்?

பயன் மாநிலம் முழுவதும் பரவிற்று; இழப்பு நெய்வேலியைச் சுற்றிய சில சிற்றூர்களில் திரண்டு நின்றது. இதுவே செலவுப் பகுதி.

முதலாவது, நிலம். திறந்தவெளிச் சுரங்கம் நிலத்தை மேலிருந்து கீழாக விழுங்குவது. கரி எடுக்கப்படுமளவும் அது முன்னேறிக்கொண்டேயிருக்கும். மணிலாவும் முந்திரியும் கம்பும் விளைந்த ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. இழப்பீடு கொடுக்கப்பட்டது. ஆயினும் நிலத்தின் அன்றைய விலை வேறு. தலைமுறை தலைமுறையாக அது தரக்கூடிய வாழ்வு வேறு. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிலையான வேலை வேண்டுமென்னும் கோரிக்கை 60 ஆண்டுகளாக ஓயவில்லை. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்ப் பணியின்போது, 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் முற்றும் முன்னே நெற்பயிர் எந்திரங்களால் அழிக்கப்பட்டதும், அது உயர் நீதிமன்றம் வரை சென்றதும் நாடறிந்த செய்தி. முன்னரே இழப்பீடு கொடுத்து எடுத்த நிலம் அது என்பது கழகத்தின் கூற்று. விளைந்த பயிரை அறுவடை வரை விட்டிருக்கலாகாதா என்பது உழவர் கேள்வி. பயிரிட்டுப் பார்த்தவர்க்கு அக்கேள்வியின் கனம் விளங்கும்.

இரண்டாவது, நீர். சுரங்கத்துக்காக இறைத்த நீர் வீணாகிவிடவில்லை. ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பயன்பட்டது. சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்துக்கும் சென்றது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை மாநகர்க்கும் குடிநீராயிற்று. இவை யாவும் உண்மை. எனினும் தாமே பொங்கிய ஊற்றுக்கிணறுகள் நின்றுபோயின என்பதும், கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்த நேர்ந்தது என்பதும் சுற்றுப்புற உழவர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. ஓர் ஏரியை நம்பிய உழவர் பயன்பெற, ஒரு கிணற்றை நம்பிய உழவர் இழந்திருப்பாராயின், இருவர் கணக்கையும் ஒன்றாகக் கூட்டி இலாபம் என்று எழுதுதல் நேர்மையான தணிக்கையாகாது.

மூன்றாவது, உழைப்பு. நிரந்தரத் தொழிலாளர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரும் நெய்வேலியில் உழைத்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் இன்கோசர்வ், ஹவுசிகாஸ் என்னும் கூட்டுறவுச் சேவைச் சங்கங்களின் வழியாக அமர்த்தப்பட்டனர் என்பது நம்மனோர் கருதத்தக்கது. இடைத்தரகரின்றி வேலை பெறக் கூட்டுறவு உதவக்கூடும் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. அச்சங்கத்தில் சேர்வதே நிரந்தர வேலைக்கு மாற்றாகிவிடாது என்பதற்கும் அதுவே எடுத்துக்காட்டு. இப்பணியின் ஆபத்தும் சிறிதன்று. முதல் நிலையம் ஓய்வு பெற்ற அதே 2020ஆம் ஆண்டில், மே, ஜூலைத் திங்கள்களில், இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர்.

உடைமை யாருடையது?

நெய்வேலிக் கழகம் மத்திய அரசின் நிறுவனம். அதன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க 2013இல் மத்திய அரசு முற்பட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பங்குகள் தனியாரிடம் செல்லாதிருக்கத் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கின. 2016இல் கழகத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என மாற்றப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பங்கு எவர் கையில் உள்ளதோ அவர் சொல்லே பேரவையில் ஏறும் என்பதைச் சங்க அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் நிலத்தைக் கொடுத்த ஊரார், நிலம் கொடுத்தோர் என்ற முறையில், அப்பேரவையில் என்றும் இடம் பெறவில்லை என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும்.

தேய்மானமும் ஆயுள் நீட்டிப்பும்

எந்த எந்திரத்துக்கும் ஆயுள் உண்டு. அனல் மின் நிலையத்தின் ஆயுளைப் பொதுவாக 25 ஆண்டுகள் எனக் கணக்கிடுவர். கொதிகலன் குழாய்கள் சாம்பலால் அரிக்கப்படும். சுழலியின் தகடுகள் தேயும். மின்னாக்கியின் காப்புறை நலியும். அக்கணக்குப்படி 1980களின் இறுதியிலேயே முதல் நிலையத்தின் பழைய தொகுதிகள் தம் ஆயுளைக் கடந்துவிட்டன. மாநிலத்தின் மின் தேவையோ குறைந்தபாடில்லை. ஆகவே 1992 முதல் 1999 வரை பழுதான உறுப்புகளை மாற்றி ஆயுளை நீட்டிக்கும் திட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. கிழவனுக்கு மருத்துவம் செய்து மேலும் சில காலம் வேலை வாங்கியதற்கு அது ஒப்பாகும்.

இதற்கிடையே 1,470 மெகாவாட் ஆற்றலுள்ள இரண்டாம் அனல் மின் நிலையம் 1986 முதல் 1993 வரை படிப்படியாக எழுந்தது. முதல் நிலைய விரிவாக்கம் என்னும் 420 மெகாவாட் நிலையம் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இயங்கலாயிற்று. பெயர் ஒற்றுமையால் மயங்கலாகாது; 2020இல் ஓய்வு பெற்றது 600 மெகாவாட் ஆற்றலுள்ள பழைய நிலையமே.

ஓய்வு

பழைய நிலையத்தைத் தொடர்ந்து ஓட்டுவது இரு காரணங்களால் தகாததாயிற்று. ஒன்று, அதே மின்சாரத்துக்கு அது புதிய எந்திரங்களைவிட மிகுதியான கரியைத் தின்றது. மற்றொன்று, கரி மிகுந்தால் புகையும் மிகும். காற்றின் தூய்மைக்கென வகுக்கப்பட்ட புதிய வரம்புகளுக்குப் பழைய கொதிகலன்களை உட்படுத்துவது அரிது. இதற்கு ஈடாக நெய்வேலி புதிய அனல் மின் நிலையம் என்னும் பெயரில் 500 மெகாவாட் தொகுதிகள் இரண்டை நிறுவத் திட்டமிடப்பட்டது. அப்பணி எதிர்பார்த்த காலத்தில் முடியவில்லை. எனவே பழைய நிலையமும் எதிர்பார்த்த காலத்துக்கு மேல் உழைக்க நேர்ந்தது. புதிய நிலையத்தின் முதல் தொகுதி 2019 டிசம்பரிலும், இரண்டாம் தொகுதி 2021 பிப்ரவரியிலும் இயங்கின. பழைய நிலையத்தின் தொகுதிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, 2020 செப்டம்பர் இறுதியோடு அனைத்தும் அடங்கின.

இவ்வாறு ஓய்வு பெற்றது நெய்வேலி ஒன்றே அன்று. 1970இல் இயங்கத் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சு இறுதியில் மூடப்பட்டது. 2070ஆம் ஆண்டுக்குள் கரியமில வாயுவின் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவதாக இந்தியா 2021இல் அறிவித்துள்ளமையால், இன்னும் பல நிலையங்கள் இவ்வழியே செல்லும். ஆகவே ஒரு நிலையத்தை எவ்வாறு தொடங்குவது என்பது போலவே, எவ்வாறு முடிப்பது என்பதும் நாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கலையாகிறது.

எழுதப்படாத தேய்மானம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மை இங்கே விளங்குகிறது. கொதிகலனுக்கும் சுழலிக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்பட்டது. ஆகவே அவை ஓய்ந்தபோது கணக்கில் குழப்பம் நேரவில்லை. புதிய எந்திரம் வந்து நின்றது. ஆனால் நிலமும் நீரும் எந்திரங்களைப் போலவே தேய்ந்தன. அவற்றுக்கு நெடுங்காலம் தேய்மானம் எழுதியவர் எவருமிலர். சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் செப்பனிடுவதற்கென ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் ஒதுக்க வேண்டும் என்னும் நெறியை மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009இல்தான் வகுத்தது. நெய்வேலியில் முதல் எந்திரம் சுழன்று அப்போது 47 ஆண்டுகள் கடந்திருந்தன. கரி எடுத்த குழிகளை மண்ணிட்டு நிரப்பி, மரம் வளர்த்தும் பயிர் செய்தும் காட்டிய முயற்சிகள் நெய்வேலியில் உண்டு, அவை பாராட்டத்தக்கன. தொடக்கத்திலேயே அதற்கென நிதி ஒதுக்கியிருந்தால், இன்று நிலத்துக்கும் வேலைக்கும் வழக்காடுவோர் தொகை குறைந்திருக்கும்.

நம் சங்கங்களில் நிலைமை என்ன? சங்கமொன்று மூன்று இலட்ச ரூபாய்க்குச் சாயப்பட்டறைக் கொதிகலன் ஒன்றை வாங்குகிறது என்று கொள்வோம். அதன் ஆயுள் 15 ஆண்டுகளானால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் தேய்மானம் எழுத வேண்டும். அத்தொகையை ஏட்டில் எழுதிவிட்டு, பணத்தைப் போனசாகவோ பங்காதாயமாகவோ பகிர்ந்துகொண்டால், 15ஆம் ஆண்டு முடிவில் பழைய இரும்பும் வெற்று ஏடுமே எஞ்சும். எழுதிய தேய்மானத்துக்கு ஈடான பணம் வங்கியில் தனியே இருத்தல் வேண்டும். இது முதற்படி.

இரண்டாம் படி, எந்திரத்துக்கு அப்பாலும் நோக்குவது. சாயப்பட்டறையின் கழிவுநீர் எந்தக் கிணற்றைச் சேர்கிறது? பம்புசெட்டுச் சங்கத்தின் ஆழ்குழாய் எவர் கிணற்று நீரை இழுக்கிறது? மூடும் நாளில் தளத்தைத் துப்புரவாக்க எவ்வளவு செலவாகும். வேலையிழப்போர்க்கு என்ன கொடுப்பது? இவ்வினாக்களைச் சட்டம் கேட்கும்வரை காத்திராமல், பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினரே கேட்கலாம். ஆண்டு இலாபத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குமாறு தீர்மானம் நிறைவேற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பாதிக்கப்படும் கிணற்றுக்காரர் சங்கத்தில் அங்கத்தினராயில்லாவிடினும் அவரை அழைத்துக் கேட்பது கூட்டுறவு அறத்துக்கு மாறானதன்று. அதுவே அதன் உயிர்.

அங்கத்தினர்களே! பயன் பலருக்கும் இழப்பு சிலருக்கும் என்று பிரிந்துபோகும் எந்தத் தொழிலும் நெடுநாள் அமைதியாக நடவாது. இழப்போரையும் கணக்கிற் சேர்ப்பதற்கே கூட்டுறவு தோன்றியது. நெய்வேலியில் நிலமும் நீரும் ஈந்தோரால் நம் தறியும் கிணறும் 58 ஆண்டுகள் பயன் பெற்றன. அந்நன்றியை நாம் செலுத்தும் வழி, அவர்கள் குறையைக் கேட்கும்போது அது நம் குறை அன்று என்று ஒதுங்காதிருத்தலும், நம் சங்கத்தின் ஐந்தொகையில் அத்தகைய குறை ஏற்படாதவாறு இன்றே காத்துக்கொள்ளுதலும் ஆகும். வரும் பேரவைக் கூட்டத்தில் தேய்மான நிதியின் வங்கி இருப்பு எவ்வளவு என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்பாராக.